அப்பா ஓட்டுப் போட வரவில்லை

பூத் சிலிப் கொடுக்க வந்த அக்கா வாசலில் நின்றபடியே இரண்டு சீட்டுகளை நீட்டினார். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்று மாடிப் போர்ஷனில் குடியிருந்து, 2016-ல் காலி செய்துகொண்டு ஆவடிப் பக்கம் போய்விட்ட எலக்ட்ரீஷியனுக்கு. அம்மா கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தாள். "எனுக்கு எங்கம்மா?" என்றாள்.

அக்கா கையிலிருந்த கட்டை மறுபடி புரட்டிப் பார்த்தார். அம்மா பெயர் இல்லை.

அப்பா தவறியது 2021 ஜூலையில். பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் அப்போது உயிரோடு இருந்த ஒரே ஆள் அம்மாதான். இறந்தவருக்குச் சீட்டு வந்திருக்கிறது, வீட்டைக் காலி செய்தவருக்குச் சீட்டு வந்திருக்கிறது, வாசலில் நின்று வாங்கியவருக்கு இல்லை. அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. எனக்கு ஓட்டு மேடவாக்கத்தில். காலை ஏழரைக்கெல்லாம் போட்டுவிட்டு, விரலில் மை காய்வதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குக் கிளம்பினேன். சோழிங்கநல்லூர், வேளச்சேரி, சைதாப்பேட்டை என்று தென் சென்னை முடிந்து, அண்ணா சாலையில் ஆயிரம் விளக்கு, சேப்பாக்கம் என்று மத்திய சென்னைக்குள் நுழைந்து, பாரிமுனை தாண்டி ராயபுரம் பக்கம் வந்தால் வட சென்னை. மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளை ஒரு லிட்டர் பெட்ரோலில் தாண்டிவிடலாம். வழியெல்லாம் சாலை காலியாகக் கிடந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு சேர்ந்த விடுமுறை. கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் முந்தின இரவே கூட்டம் அலைமோதியது.

அம்மாவை வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போனேன். கையில் வாக்காளர் அட்டை இருக்கிறது, அதில் அம்மாவின் முகம் இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. உள்ளே இருந்தவர் மரியாதையாகவே சொன்னார்: "அட்டை இருந்தா போதாதும்மா, லிஸ்ட்டுல இருக்கணும்." வெளியே வரும்போது அம்மா அந்தச் சாவடிப் பள்ளிக்கூடத்தின் வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். "உங்கப்பாவுக்கு இருக்குதில்ல, அவரைக் கூட்டினு வர வேண்டியதுதான்" என்றாள். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை ஏழு மணிக்கு மாநிலத்தின் வாக்குப்பதிவு 72.09 சதவீதம் என்று அறிவித்தார்கள். சென்னையின் மூன்று தொகுதிகளிலும் 67-க்கு மேல் என்றார்கள். சென்னையில் 67-ஆ! டிவி விவாதத்தில் ஒருவர், நகர மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று பேசவே ஆரம்பித்துவிட்டார். நள்ளிரவில் கணக்கு மாறியது. மாநிலம் 69 சொச்சம். சென்னை ஒரேயடியாகச் சரிந்து, வடக்கு 60, தெற்கும் மத்தியும் 54 பக்கம் வந்து நின்றது. செயலியில் எல்லாச் சாவடிகளிலிருந்தும் தகவல் ஏறவில்லை, வந்ததை வைத்துப் போட்ட கணக்கு அது என்று விளக்கம் வந்தது. இறுதியில் மாநிலம் 69.72. தர்மபுரி 81-ஐத் தொட்டு முதலிடம். மத்திய சென்னை 54-ஐக்கூடத் தொடாமல் கடைசி.

மறுநாள் பேப்பரிலும் வாட்ஸ்அப்பிலும் வழக்கமான திட்டு. படித்தவன் ஓட்டுப் போட வருவதில்லை, ஏசி அறையை விட்டு நகர மாட்டான், தர்மபுரி விவசாயியைப் பார்த்துக் கற்றுக்கொள். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவில் இதைப் போட்டவர் அன்று ஏற்காட்டில் இருந்தார் என்பது வேறு கதை.

நானும் பல ஆண்டுகள் இப்படித் திட்டியவன்தான். ஆனால் இந்த முறை ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வராத அந்த 40 சதவீதத்தில் என் அப்பாவும் இருக்கிறார். ஆவடி எலக்ட்ரீஷியனும் இருக்கிறார். அதே நேரம், வந்து திரும்பிப் போன என் அம்மா எந்த சதவீதத்திலும் இல்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஆலைத் தொழிலாளி. பேரேட்டு நோட்டு ஒன்று வைத்திருந்தார், நீளவாக்கில் திறக்கும் மளிகைக் கடை நோட்டு. அதில் நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் மட்டும் இருக்கும். முதல் பக்கம் 1967. அப்போது ஓட்டுப் போடும் வயது 21, அப்பாவுக்கு 20. போட முடியாத ஆத்திரத்தில்தான் நோட்டுப் போட்டாராம். தென் சென்னையில் அண்ணா ஜெயித்தார், பின்னர் முதலமைச்சராகி அந்த இடத்தை விட்டுக்கொடுத்தார், இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார். அதெல்லாம் ஊதா மையில் இருக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு வரி, தாத்தா சொல்லக் கேட்டு எழுதியது: 1957, வட சென்னை, எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பெயரைச் சொல்லும்போது தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார் என்று அப்பா சொல்வார். தாத்தாவை நான் பார்த்ததில்லை.

நோட்டில் ஐந்து கட்டங்கள். ஜெயித்தவர், தோற்றவர், வித்தியாசம், செல்லாதவை, வராதவர். 2004-ல் நாடு முழுக்க இயந்திரம் வந்தபின் ‘செல்லாதவை’ கட்டத்தில் கோடு போட்டுவிட்டார். ஐந்தாவது கட்டத்தை மட்டும் கடைசிவரை விடவில்லை. ஆலை வாசல் கூட்டத்தில் வந்தவனை எண்ணிப் பிரயோசனமில்லை, வராதவன் எதற்கு வரவில்லை என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய சங்கத்துப் பழக்கம்.

அந்த நோட்டைப் புரட்டினால் சென்னை ஒரே ஊர் இல்லை என்று தெரியும். 1984-ல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு வந்த தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார். அந்த அலையில் தி.மு.க. தமிழ்நாடு முழுவதிலும் தேறியது இரண்டே இடங்களில். வட சென்னையில் என்.வி.என். சோமு, மத்திய சென்னையில் டாக்டர் கலாநிதி. அதே தேர்தலில் தென் சென்னை வைஜயந்திமாலாவை அனுப்பியது. தோற்றவர் இரா. செழியன். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அப்பா ஒரு சின்ன பெருக்கல் குறி போட்டிருக்கிறார், அது வருத்தமா கோபமா என்று நான் கேட்டதில்லை. 1998-ல் மாநிலம் அ.தி.மு.க. கூட்டணி பக்கம் சாய்ந்தபோதும் சென்னை மூன்றும் தி.மு.க.விடமே இருந்தன. 2009-ல் முதலில் தெற்கு கழன்றது. 2014-ல் மூன்றும் இரட்டை இலைக்குப் போயின. அந்தப் பக்கத்தில் பெயர்கள் இருக்கின்றன, ஓட்டுகள் இருக்கின்றன, ‘வித்தியாசம்’ கட்டம் மட்டும் காலி. மனம் வரவில்லை போல. 2019-ல் மீண்டும் மூன்றும் வந்தபோது எழுத்து பெரிதாகிவிடுகிறது. அதுதான் அவர் கையால் எழுதிய கடைசிப் பக்கம்.

சித்தப்பா வேறு பக்கம். 1972-ல் எம்.ஜி.ஆரோடு போனவர், இன்னும் திரும்பவில்லை. அண்ணனும் தம்பியும் தேர்தல் மாதத்தில் பேசிக்கொள்ள மாட்டார்கள், முடிவு வந்த மறுநாள் ஒன்றாக டீ குடிப்பார்கள். எங்கள் தெருவில் பல வீடுகளில் இதுதான் நடைமுறை.

2024 ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை. சித்தப்பா கவுண்டிங் ஏஜெண்ட். எழுபதைத் தாண்டிய வயதில் இதெல்லாம் வேண்டுமா என்று சித்தி கேட்டும் விடியற்காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பிவிட்டார். வட சென்னை ஓட்டுகளை எண்ணிய இடம் மெரினா கடற்கரைக்கு எதிரே ராணி மேரிக் கல்லூரி. தென் சென்னைக்கு அண்ணா பல்கலைக்கழகம், மத்திய சென்னைக்கு லயோலா கல்லூரி. வட சென்னை மக்கள் போட்ட ஓட்டை எண்ணுவதற்கு வட சென்னையை விட்டு வெளியே கொண்டு போக வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு, இடவசதி, எல்லாம் புரிகிறது. இருந்தாலும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் சாம்பலும் இங்கே இருக்கலாம், ஓட்டு எண்ண ஒரு கட்டடம் இங்கே தேறாதா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

உள்ளே நடப்பதைச் சித்தப்பா பிறகு விலாவாரியாகச் சொன்னார். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஒரு கூடம், கூடத்தில் 14 மேசைகள், மேசைக்கும் ஏஜெண்டுகளுக்கும் நடுவில் கம்பி வலை. செல்போன் வாசலோடு சரி. எட்டு மணிக்குத் தபால் ஓட்டு, எட்டரைக்கு இயந்திரம். கட்டுப்பாட்டுக் கருவியைத் தூக்கி வலைப் பக்கம் காட்டுவார்கள். முத்திரையின் எண்ணை ஏஜெண்ட் தன் தாளோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். வாக்குப்பதிவு அன்று சாவடி அதிகாரி எழுதிக் கொடுத்த 17சி படிவத்தில் மொத்தம் 612 என்றால் கருவியும் 612 சொல்ல வேண்டும். பிறகு முத்திரையை உடைத்து ரிசல்ட் பொத்தானை அழுத்துவார்கள். ஒவ்வொரு வேட்பாளராக எண் வந்து நிற்கும், நகரும்.

"எல்லாப் பேரும் வந்து முடியறதுக்குள்ள கழுத்து வலிக்குது" என்றார் சித்தப்பா. ஓர் இயந்திரத்தில் 16 பெயர்கள்தான் கொள்ளும். வட சென்னையிலும் தென் சென்னையிலும் அந்த முறை வாக்குச்சாவடியில் மூன்று இயந்திரங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். பத்து ஓட்டு வாங்கப்போகும் சுயேச்சைகளின் எண்ணையும் பொறுமையாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தோற்கிற கட்சியின் ஏஜெண்ட் பாதியில் எழுந்து போய்விடுவது வழக்கம். முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது, சித்தப்பா எழவில்லை. ஏனென்று மாலை ஆறு மணிக்குப் போனில் சொன்னார். முதல் வாக்கியமே அதுதான்: "டெபாசிட் போகலப்பா."

பதிவான செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் கட்டிய 25,000 ரூபாய் திரும்பும். வட சென்னையில் தி.மு.க.வின் கலாநிதி வீராசாமி 4,97,333. அ.தி.மு.க.வின் ராயபுரம் மனோ 1,58,111. பா.ஜ.க.வின் பால் கனகராஜ் 1,13,318. மூன்று லட்சத்து முப்பத்தொன்பதாயிரம் ஓட்டுகளில் தோற்றிருக்கிறார்கள், ஆனாலும் ஆறில் ஒரு பங்கை மயிரிழையில் தாண்டிவிட்டார்கள். சித்தப்பா கடைசிவரை உட்கார்ந்திருந்தது அந்த மயிரிழையைப் பார்க்கத்தான். தென் சென்னையில் அதுவும் போய்விட்டது. தமிழச்சி தங்கபாண்டியன் 5,16,628, தெலங்கானா ஆளுநர் பதவியை விட்டுவிட்டு வந்து நின்ற தமிழிசை சௌந்தரராஜன் 2,90,683, பத்தாண்டுகளுக்கு முன் இதே தொகுதியில் ஜெயித்த ஜெயவர்தன் 1,72,491. டெபாசிட் காலி. மத்திய சென்னையில் தயாநிதி மாறன் 4,13,848, பா.ஜ.க.வின் வினோஜ் பி. செல்வம் 1,69,159, இரட்டை இலை இல்லாமல் கூட்டணியில் தே.மு.தி.க.வின் முரசு நின்றது, 72,016.

டிவியில் பெயர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இன்னாடா எல்லாம் டாக்டருங்களா நிக்கிறாங்க" என்றாள். கலாநிதி, தமிழிசை, ஜெயவர்தன் என்று எண்ணினால் உண்மைதான். தமிழச்சியும் முனைவர் பட்டம் வாங்கியவர். ஊரில் இத்தனை பேர் டாக்டராக இருந்தும் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட விடியற்காலை வரிசைதான் என்று முடித்தாள்.

அப்புறம் டெல்லிக் கதை ஆரம்பித்துவிட்டது. ஜூன் 1 அன்று வந்த கருத்துக்கணிப்புகள் எல்லாம் 350, 400 என்று சொல்லியிருக்க, பா.ஜ.க. 240-ல் நின்றது, கூட்டணியோடு 293. தமிழ்நாட்டில் 39, புதுச்சேரியும் சேர்த்து நாற்பதுக்கு நாற்பது தி.மு.க. அணிக்கு. பேச அது போதும். சென்னை மூன்றும் பெட்டிச் செய்தியாகி ஓரத்துக்குப் போயின.

இரவு அப்பாவின் நோட்டை எடுத்து 2024 என்று எழுதினேன். என் எழுத்து அதில் விருந்தாளி மாதிரி இருந்தது.

சித்தப்பாவின் வாதம் எளிமையானது. 2023 செப்டம்பரில் அ.தி.மு.க.-பா.ஜ.க. கூட்டணி முறியாமல் இருந்திருந்தால் தென் சென்னை எங்களுக்கு. கூட்டிப் பார்த்தேன். தமிழிசையும் ஜெயவர்தனும் சேர்த்து 4,63,174. அப்போதும் ஐம்பதாயிரத்துக்கு மேல் பற்றாக்குறை. தவிர, ஓட்டு என்ன சோற்றுப் பானையா, இரண்டையும் ஒன்றில் கொட்ட? இரட்டை இலைக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் தாமரைக்குப் போட்டிருப்பார்கள் என்று சித்தப்பாவையே கேட்டேன். "நான் போட மாட்டேன்" என்றார், தயங்காமல். 2025 ஏப்ரலில் மறுபடி சேர்ந்துவிட்டார்கள். அவரிடம் அந்தக் கேள்வியை நான் திரும்பக் கேட்கவில்லை.

ஜெயித்தவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். மூன்று தொகுதிகளிலும் வித்தியாசம் 2019-ஐ விடக் குறைந்திருக்கிறது. வட சென்னையில் 4.61 லட்சம் 3.39 ஆகியிருக்கிறது. தெற்கில் 2.62 லட்சம் 2.26, மத்தியில் 3 லட்சம் 2.45. வாங்கிய ஓட்டே குறைந்திருக்கிறது. இத்தனைக்கும் 2019-ல் வட சென்னையிலும் தென் சென்னையிலும் லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கிய கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யம் இந்த முறை நிற்கவில்லை, தி.மு.க.வை ஆதரித்தது. அந்த ஓட்டு எங்கே? கொஞ்சம் தாமரைக்கு, கொஞ்சம் நாம் தமிழருக்கு, மிச்சம் வீட்டிலேயே என்பது என் யூகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து மீனவர்கள் கையால் அள்ளினார்கள். அந்த மாதமே அமோனியா கசிந்து நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான்கு மாதம் கழித்து வந்த தேர்தலில் அந்த மக்கள் ஆட்சி மேல் கோபத்தில் வேறு சின்னத்தை அழுத்தவில்லை. அழுத்தாமலே இருந்துவிட்டவர்கள் இருக்கலாம்.

இங்கேதான் ஐந்தாவது கட்டம். வட சென்னைப் பட்டியலில் கிட்டத்தட்ட 15 லட்சம் பெயர்கள், மத்திய சென்னையில் 13.5 லட்சம், தெற்கில் 20 லட்சத்துக்கு மேல். தெற்கில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமானோர் வரவில்லை. ஜெயித்தவர் வாங்கியது ஐந்து லட்சம். மூன்று தொகுதிகளிலுமே வராதவர்கள் ஜெயித்தவரைத் தோற்கடித்துவிடுகிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் 48 லட்சத்துச் சொச்சம் பெயர்களில் வந்தவர்கள் 56 சதவீதம்.

தென் சென்னைக்குள் இருக்கும் சோழிங்கநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள், வாக்காளர் எண்ணிக்கையில் மாநிலத்திலேயே பெரிய சட்டமன்றத் தொகுதி அது. ஒரு பக்கம் ஐடி கம்பெனி அடுக்குமாடிகள். வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம், அதன்பிறகு வேறு வீடு, பட்டியலில் பெயர் பழைய பிளாட்டிலேயே நிற்கும். இன்னொரு பக்கம் கண்ணகி நகர், பெரும்பாக்கம். கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் நடுவிலிருந்தும் பெயர்த்துக்கொண்டு வந்து இறக்கப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள். பெரும்பாக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவுக்கு ஓட்டு சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தது. போய்ப் போட இரண்டு பஸ் மாற வேண்டும், சம்பளம் போகும். அவரைச் சோம்பேறி என்று தர்மபுரியைக் காட்டித் திட்டினால் என்ன அர்த்தம்? அவர் வீட்டைக் காலி செய்யவில்லை, அவரைத்தான் காலி செய்தார்கள். பெயர் மட்டும் இடிபடாமல் அங்கேயே இருக்கிறது.

இதையெல்லாம் 2024-லேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டதில் ஒரு நன்மை, கணக்கின் மறுபாதி இப்போது வந்திருக்கிறது.

2025 நவம்பர் 4-ல் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம், டிசம்பர் 14 வரை. 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. சென்னை மாவட்டத்தின் 16 சட்டமன்றத் தொகுதிகளில் 40 லட்சமாக இருந்தது 26 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. கழிந்தவை 14.25 லட்சம். (திருவொற்றியூரும் சோழிங்கநல்லூரும் இந்தக் கணக்கில் இல்லை. நாடாளுமன்றத்துக்கு அவை சென்னை, வாக்காளர் பட்டியல் கணக்குக்கு வேறு மாவட்டம்.) இறந்தவர்கள் ஒன்றரை லட்சம் சொச்சம். மிகப் பெரும்பகுதி குடிபெயர்ந்தவர்கள் என்று காரணம்.

முதலில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா, சென்னைக்காரன் சோம்பேறி இல்லை, பட்டியல்தான் ஊதிப்போயிருந்தது. பிறகு பென்சிலை எடுத்தேன். நூற்றுக்கு 36 பெயர்கள் போலி என்றால் நிஜம் 64. வந்தவர்கள் 56. ஐம்பத்தாறை அறுபத்துநான்கால் வகுத்தால் 87 சதவீதம். அதாவது 2024-ல் சென்னை தர்மபுரியையே தாண்டியிருக்க வேண்டும்! ஊர் காலியாகக் கிடந்த அந்த வெள்ளிக்கிழமையை நான் பைக்கில் போய்ப் பார்த்தவன். நம்ப முடியுமா?

வேறு வழியில்லை, இரண்டில் ஒன்று. பெரும்பாக்கத்து அக்கா மாதிரி இடம் மாறியவர்களில், பழைய இடத்துக்கே வந்து போட்டவர்கள் ஏராளம். அல்லது, இருக்கிறவர்களும் கழிக்கப்பட்டிருக்கிறார்கள். இரண்டும் கலந்துதான் இருக்கும் என்பது என் கணிப்பு. 2024-ல் வராதவர் கணக்கு பொய் சொன்னது, இந்த வரைவுப் பட்டியல் எதிர்ப்பக்கம் பொய் சொல்கிறது. பெயரை நீக்குவது ஒரு வரி வேலை. திரும்பச் சேர்க்க ஆறாம் எண் படிவம், சான்று, விசாரணை, லீவு. அந்த அக்கா பெயர் சிந்தாதிரிப்பேட்டையில் கழிந்துவிட்டது, பெரும்பாக்கத்தில் இன்னும் ஏறவில்லை. இன்றைய தேதிக்கு அவர் எந்த ஊரின் வராதவரும் இல்லை.

அம்மா இப்போது எங்களோடு மேடவாக்கத்தில். 2024 தேர்தல் முடிந்ததும் முதல் வேலையாக இங்கே பெயர் சேர்த்தோம். நவம்பரில் படிவம் வந்தபோது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் அம்மா எங்கே இருந்தாள் என்று எழுத வேண்டியிருந்தது. நான் திறந்த பட்டியல்கள் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றியவை போல இருந்தன, பெயரைத் தட்டினால் தேடித் தரவில்லை. பழைய வண்ணாரப்பேட்டை பாகம் ஒவ்வொன்றையும் திறந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். மூன்று இரவுகள். மூன்றாவது இரவு பதினோரு மணிக்கு எங்கள் கதவு எண் வந்தது.

அம்மாவை எழுப்பினேன். லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள், அம்மா பெயரைக் காட்டினால் அதை விட்டுவிட்டு மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள். முதலில் ஆயா, அப்புறம் அப்பா, அப்புறம் தான். அடுத்து பின்கட்டு இஸ்திரிக்காரர், அவர் மனைவி. "இவ நல்லா பாடுவா." எதிர் போர்ஷன் அச்சாபீஸ்காரர். "காசிமேட்டுல பொண்ணு குடுத்தான்." மாடியில் அந்த எலக்ட்ரீஷியன், வயது 24 என்று போட்டிருந்தது. குழாயடியில் தினம் சண்டை போட்ட மீன்காரப் பெரியம்மா. "செத்துப் போயி பத்து வருசம் ஆவுது." ஒரு பக்கத்தில் முப்பது பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் யார், எங்கே போனார்கள் என்று சொன்னாள். அந்த வீட்டில் அவ்வளவு பேர் இருந்தோம் என்பதே எனக்கு மறந்திருந்தது. பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் நான் குறித்துக்கொண்ட பிறகும் லேப்டாப்பை மூட விடவில்லை.

வரைவுப் பட்டியல் வந்த வாரம், நீக்கப்பட்டவர்கள் பட்டியலைப் படம் பிடித்துச் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்பா பெயர், எதிரே ‘இறப்பு’. எலக்ட்ரீஷியன் பெயர், எதிரே ‘குடிபெயர்ந்தவர்’. சரியாகத்தான் இருந்தது. சித்தப்பா கீழே எதுவும் எழுதவில்லை.

மேடவாக்கம் பட்டியலில் அம்மா பெயர் இருந்தது. பிறகு சேர்த்ததால் எங்கள் வீட்டு எண்ணோடு ஒட்டாமல் கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரைப் பார்த்தாள், அதற்கு மேலே இருந்த பெயரில் விரலை வைத்தாள்.

"எனக்கு முன்னாடி யாருடா இது?"

"பி பிளாக்குல இருக்காரும்மா. லிஃப்ட்ல பார்த்திருக்கேன்."

"ஓட்டுப் போட வருவாரா?"

தெரியலம்மா என்றேன்.